பி.எஸ்சி. கணிதம் முடித்த பிறகு: ஐஐடியா, மத்தியப் பல்கலைக்கழகமா, பக்கத்துக் கல்லூரியா?

ஒவ்வொரு ஆண்டும் கடைசி செமஸ்டர் முடிவு வந்த இரண்டு மூன்று நாளில், பிளாஸ்டிக் ஃபைலோடு யாராவது ஒருவர் எங்கள் துறைக்கு வந்து நிற்பார். "சார், எம்.எஸ்சி. எங்க சேரலாம்?" நல்ல மதிப்பெண் இருக்கும். கணக்கில் உண்மையான ஆசையும் இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் என்னால் பாதிப் பதில்தான் சொல்ல முடியும். ஐஐடிகளில் சேர எழுத வேண்டிய ஜாம் தேர்வு பிப்ரவரியிலேயே முடிந்திருக்கும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட்-பிஜி மார்ச்சில் முடிந்திருக்கும். மிச்சம் இருப்பவை மாநிலப் பல்கலைக்கழகத் துறைகள், அரசு கல்லூரிகள், தனியார் கல்லூரிகள், தொலைநிலைக் கல்வி. அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளை அவற்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. மற்றவை கைவிட்டுப் போனதால் அங்கே சேர்கிறார்.

காவிரிப் படுகையில் ஒரு சிறு ஊர்க் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். எம்.எஸ்சி. எங்கே என்பது மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில், செப்டம்பரில், எடுக்க வேண்டிய முடிவு. இந்தக் கட்டுரையை அந்தக் கட்டத்தில் இருக்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

கல்லூரிகளை ஒப்பிடும் முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எம்.எஸ்சி. முடித்து என்ன செய்யப் போகிறீர்கள்? அரசுப் பள்ளியில் முதுநிலை ஆசிரியர் ஆக வேண்டும் என்றால் ஒரு வழி. நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஆராய்ச்சிக்கோ கல்லூரி வேலைக்கோ போக வேண்டும் என்றால் வேறு வழி. டேட்டா, நிதி, மென்பொருள் என்று போக நினைத்தால் மூன்றாவது வழி. இதை யோசிக்காமல் "எது பெரிய பெயர்?" என்று மட்டும் பார்த்தால் ஐஐடிதான் மேலே வரும், ஒப்பிட வேறொன்றும் இருக்காது.

ஐஐடி: ஜாம் தேர்வு

ஜாம் 2004 முதல் நடக்கிறது. கணிதம், புள்ளியியல் உள்பட ஏழு தாள்கள். இருபதுக்கும் மேற்பட்ட ஐஐடிகளில் எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து சுமார் 3,000 இடங்கள். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். முப்பது கேள்வி, நான்கில் ஒரு விடையைத் தேர்ந்தெடுப்பது. தவறானால் மதிப்பெண் குறையும். பத்து கேள்வியில் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கலாம். எல்லாவற்றையும் குறித்தால்தான் மதிப்பெண். கடைசி இருபதில் விருப்ப விடைகளே கிடையாது, எண்ணைத் தட்டச்சு செய்ய வேண்டும்.

அந்தக் கடைசி இருபதுதான் நம் பிள்ளைகளைத் தடுக்கிறது. ஒரு உதாரணம் சொல்கிறேன். குலக் கோட்பாட்டில் லெக்ராஞ்சி தேற்றத்தை நிறுவச் சொன்னால் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் இரண்டு பக்கம் பிழையில்லாமல் எழுதுவார்கள். அதே வகுப்பில் ஒரு நாள் கரும்பலகையில் இப்படி எழுதினேன்: "ஐந்து பொருள்களின் சமச்சீர் குலத்தில் வரிசை 6 உள்ள உறுப்புகள் எத்தனை?" அவ்வளவுதான் கேள்வி. ஐந்து நிமிடம் பேனா ஓடவில்லை. அப்புறம் ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் மட்டும் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். மூன்று பொருள்கள் ஒரு சுற்றாகச் சுழல வேண்டும், மீதி இரண்டும் தங்களுக்குள் இடம் மாற வேண்டும், அப்போதுதான் வரிசை ஆறு, அதாவது ஆறாவது முறைதான் எல்லாம் ஒருசேரப் பழைய இடத்துக்குத் திரும்பும். ஐந்தில் மூன்றைத் தேர்ந்தெடுக்கப் பத்து வழி. ஒவ்வொரு மூன்றும் இரண்டு திசையில் சுழலும். ஆக இருபது. "இருபது சார்" என்று சொல்லும்போது அவளுக்கே நம்பிக்கை இல்லை. சரியான விடை.

இதற்குத் தனி மேதை வேண்டியதில்லை. தேற்றத்தை மனப்பாடம் செய்வதிலிருந்து அதைக் கையில் எடுத்துப் பயன்படுத்துவதற்கு மாற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த மாற்றம் ஆறு மாதமாவது கேட்கும். தேர்வுக்கு முந்தின நாள் ஜெராக்ஸ் கடையில் 'முக்கிய வினாக்கள்' வாங்கிப் படித்த பழக்கத்தோடு ஜாம் எழுதினால் மனம் உடைந்துதான் திரும்ப வேண்டும். பாடத்திட்டத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மெய்யெண் பகுப்பாய்வு, பலமாறி நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், நேரியல் இயற்கணிதம், குலங்கள் எல்லாம் நாம் பி.எஸ்சி.யில் படிப்பவையே. கேட்கும் விதம்தான் வேறு.

ஜாம் மதிப்பெண் ஐஐடிக்கு மட்டும் அல்ல. திருச்சி போன்ற என்.ஐ.டி.களின் எம்.எஸ்சி. இடங்களும் இதே மதிப்பெண்ணில், தனிக் கலந்தாய்வில் நிரம்புகின்றன. எங்கள் பகுதிப் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது. ஐஐடி என்றதும் சென்னையை மட்டும் நினைக்கிறார்கள். பாலக்காடும் திருப்பதியும் அதே பட்டியலில் இருக்கின்றன, இரண்டும் ஓரிரவு ரயில் பயணத் தூரத்துக்குள்தான். விண்ணப்பிக்கும்போது விருப்ப வரிசையில் இவற்றை விட்டுவிடாதீர்கள்.

யாருக்கு இது? ஆராய்ச்சிக்குப் போக நினைப்பவர்களுக்கும் வேலைச் சந்தையில் பெயர் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கும். பள்ளி ஆசிரியர் ஆவது ஒன்றே குறிக்கோள் என்றால் இந்த ஆறு மாத உழைப்பு வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கட்டாயம் இல்லை.

மத்தியப் பல்கலைக்கழகம்: நாம் மதிக்கத் தவறும் இடம்

எனக்கு மிகவும் மனக்குறை தருவது இதுதான். திருவாரூர் பக்கம் நீலக்குடியில் 2009 முதல் ஒரு மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் எங்கள் பிள்ளைகள் பலர் தினமும் பஸ்ஸில் போகிறார்கள். அங்கே எம்.எஸ்சி. கணிதம் சேர என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் பத்தில் இரண்டு பேருக்குக்கூடத் தெரிவதில்லை.

கியூட்-பிஜி என்ற ஒரே தேர்வு போதும். 2022-இல் தொடங்கியது. திருவாரூர், 1985-இல் தொடங்கிய புதுச்சேரிப் பல்கலைக்கழகம், 1974-இல் தொடங்கிய ஐதராபாத் பல்கலைக்கழகம், டெல்லியில் ஜே.என்.யு. எனப் பல இடங்களுக்கு இந்த ஒரே மதிப்பெண் செல்லும். 75 கேள்வி, சரியான விடைக்கு நான்கு, தவறுக்கு ஒன்று குறையும். 2025-இல் நேரம் 90 நிமிடம். ஜாமில் ஆழம் வேண்டும், இங்கே வேகம் வேண்டும். ஜாமுக்குத் தயாரானவர் பழைய தாள்கள் நாலைந்தை நேரம் வைத்து எழுதிப் பார்த்தால் இதற்கும் தயார். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் எழுதுவது எனக்கு நஷ்டமாகத்தான் தெரிகிறது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. தேர்வு எழுதியதோடு வேலை முடிவதில்லை. முடிவு வந்ததும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாணவர் ஒருவர் நல்ல மதிப்பெண் எடுத்துவிட்டு, அழைப்புக் கடிதம் வரும் என்று வீட்டில் காத்திருந்தார். பதிவுக்கான நாள் போய்விட்டது. அவருக்கு அதை நானும் எடுத்துச் சொல்லத் தவறியிருந்தேன். இப்போது முடிவு வரும் வாரத்தில் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு விசாரிக்கிறேன்.

இந்த இடங்களைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் வகுப்பில் கூட இருப்பவர்கள். கேரளாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தேர்வு எழுதி வந்தவர்கள் பக்கத்து இருக்கையில் இருப்பார்கள். கணக்கை ஆசிரியரிடம் கற்பது ஒரு பங்கு என்றால், இரவு விடுதியில் நாலு பேர் ஒரு தாளைச் சுற்றி உட்கார்ந்து "இல்லை, இந்த இடத்தில் தொடர்ச்சி வேண்டும்" என்று வாதாடிக் கற்பது இன்னொரு பெரும் பங்கு. ஊர்க் கல்லூரியில் மாலை நாலரை பஸ்ஸுக்கு எல்லாரும் கிளம்பிவிடும்போது அது கிடைப்பதில்லை.

அந்த ஜன்னலோரப் பெண்ணுக்கு ஐதராபாத்தில் இடம் கிடைத்தது. திருவாரூரிலும் கிடைத்தது. அவளுடைய அப்பா நெல் விவசாயி. என்னைப் பார்க்க வந்தார்.

"சார், இங்கேயே நீலக்குடியில இருக்கும்போது அவ்ளோ தூரம் எதுக்கு சார்? பொம்பளைப் பிள்ளை."

"பெரிய துறைங்க. ஆசிரியர்கள் நிறையப் பேர். அங்கேயே மேல ஆராய்ச்சியும் பண்ணலாம்."

"பாஷை தெரியாதே சார்."

"வகுப்பு இங்கிலீஷ்லதாங்க. நம்ம பிள்ளைங்களும் அங்க இருக்காங்க."

அவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவ என்ன சொல்றா?" என்று கேட்டார். அதுவரை யாரும் அவளைக் கேட்கவில்லை. நானும்தான். அவள் திருவாரூரைத் தேர்ந்தெடுத்தாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வாரக் கடைசியில் வீட்டுக்கு வர வேண்டும் என்றாள். சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். இரண்டுக்கும் நடுவே இருந்த வேறுபாடு, இரண்டுக்கும் பக்கத்துக் கல்லூரிக்கும் நடுவே இருந்த வேறுபாட்டைவிடச் சிறியது.

சாதிச் சான்றிதழ்: இதைத் தள்ளிப்போடாதீர்கள்

மாநிலத்தில் பி.சி., எம்.பி.சி. என்று இட ஒதுக்கீடு பெற்றுப் படித்த பிள்ளைகள், மத்திய நிறுவனங்களில் ஓ.பி.சி. என்ற ஒரே பட்டியலில் வருவார்கள், அதுவும் அவர்கள் சாதி மத்திய அரசின் பட்டியலிலும் இருந்தால். மாநிலத்தில் 69 சதவீதம் என்ற கணக்கு அங்கே இல்லை. ஓ.பி.சி. 27, எஸ்.சி. 15, எஸ்.டி. 7.5, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் 10 என்பதே அங்குள்ள கணக்கு. பள்ளியில் வாங்கி வைத்த நிரந்தரச் சாதிச் சான்றிதழ் ஓ.பி.சி. இடத்துக்குப் போதாது. மத்திய அரசின் படிவத்தில், வளமான பிரிவில் சேராதவர் என்று, அந்த நிதியாண்டில் வாங்கிய சான்றிதழ் வேண்டும். ஏப்ரல் 1 தாண்டினால் புதிதாக ஒன்று கேட்பார்கள். ஆக தேர்வு விண்ணப்பத்துக்கு ஒன்று, சேரும்போது இன்னொன்று என இரண்டு முறை இ-சேவை மையத்துக்கு அலைய வேண்டியிருக்கும். வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். விவசாய வருமானம் அந்தக் கணக்கில் சேராது. இது தெரியாமல் நிலம் இருக்கிறதே என்று விண்ணப்பிக்காமலே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று படி தாண்டி வர வேண்டிய காகிதம் இது. பாதியில் ஒருவர் விடுப்பில் போனால் இரண்டு வாரம் போய்விடும். ஆகஸ்டிலேயே போட்டுவிடுங்கள்.

மாநிலப் பல்கலைக்கழகமும் பக்கத்துக் கல்லூரியும்

நல்ல மாணவர்கள் எல்லாரும் வெளியே போய்விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முதுநிலை ஆசிரியர் பணிக்கு எம்.எஸ்சி.யில் 50 சதவீதமும் பி.எட்.டும் வேண்டும். எம்.எஸ்சி. இரண்டு ஆண்டு, பி.எட். இரண்டு ஆண்டு, அப்புறம் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) தேர்வு. இந்த வழியில் போகிறவருக்கு வீட்டிலிருந்தே போய்வரும் அரசு கல்லூரி மிக நல்ல தேர்வு. கட்டணம் குறைவு, நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, மிச்சமாகும் பணம் பி.எட்.டுக்கு ஆகும். ஒரு விஷயம் மட்டும் கவனம்: புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் இளங்கலையோடு நின்றுவிடும். எம்.எஸ்சி.க்கும் வரும் என்று கணக்குப் போட்டுக் குடும்பங்கள் ஏமாறுகின்றன.

பட்டத்தின் பெயரையும் பாருங்கள். கணினிப் பயன்பாட்டோடு கணிதம், பயன்பாட்டுக் கணிதம், தரவு அறிவியல் என்று புதுப் புதுப் பெயர்களில் பட்டங்கள் வருகின்றன. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தமிழ்நாட்டு அரசு வேலைக்குப் போகும்போது, அது எம்.எஸ்சி. கணிதத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சேரும் முன்பே அந்த ஆணையின் எண்ணைத் துறையில் கேட்டு வாங்குங்கள். "வந்துடும்" என்று பதில் சொன்னால் நான் சேரச் சொல்ல மாட்டேன்.

பல்கலைக்கழகத் துறைகளில் பழம்பெருமை உள்ளவை இருக்கின்றன. சேப்பாக்கத்தில் இருக்கும் இராமானுஜன் உயர்கணித நிறுவனம் 1950-இல் அழகப்பச் செட்டியார் தொடங்கிய நிறுவனத்திலிருந்து வளர்ந்தது. ஆனால் பெருமையை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நிரந்தரப் பணியிடங்கள் காலியாகவே கிடக்கின்றன. அதனால் சேரும் முன்பு ஒரு நாள் நேரில் போங்கள். அலுவலகத்துக்குப் போக வேண்டாம், வாசலில் இருக்கும் டீக்கடைக்குப் போங்கள். இரண்டாம் ஆண்டு எம்.எஸ்சி. மாணவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். இடவியலும் அளவைக் கோட்பாடும் யார் எடுக்கிறார்கள், பயிற்சிக் கணக்குகள் போடுகிறார்களா, கடந்த ஆண்டு நெட் எத்தனை பேர் தேறினார்கள் என்று கேளுங்கள். "நோட்ஸ் கொடுத்துடுவாங்க" என்று அவர் பெருமையாகச் சொன்னால், ஆராய்ச்சிக்குப் போக நினைப்பவர் வேறு இடம் பார்ப்பது நல்லது.

ஜாமும் கியூட்டும் கைகூடாமல் இங்கே சேர வேண்டியிருப்பவர்கள் ஒரு ஆண்டு சும்மா இருந்து மறுபடி எழுதலாமா என்று கேட்பார்கள். வீட்டில் உட்காராதீர்கள் என்பதே என் பதில். சேர்ந்து படியுங்கள், இரண்டாம் ஆண்டிலேயே சி.எஸ்.ஐ.ஆர். நெட் எழுதலாம். அதில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால், முனைவர் ஆய்வில் சேர்ந்ததும் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. அந்த நேரத்தில் எம்.எஸ்சி. எங்கே படித்தீர்கள் என்பது பின்னுக்குப் போய்விடும். கோடை விடுமுறையில் எம்.டி.டி.எஸ். எனும் கணிதப் பயிற்சி முகாமுக்கு விண்ணப்பியுங்கள். 1993 முதல் நடக்கிறது. பாடத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளும் முகாம் அல்ல, கேள்வி கேட்டு மாணவர்களையே விடையை நோக்கி நகர்த்தும் முகாம். போய்வந்த பிள்ளைகள் வேறு ஆளாகத்தான் வகுப்புக்குத் திரும்பினார்கள்.

சிறுசேரியும் கொல்கத்தாவும்

சென்னை சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் நிறுவனம் (சி.எம்.ஐ.) 1989-இல் தொடங்கியது. கொல்கத்தாவில் தலைமையிடம் கொண்ட இந்தியப் புள்ளியியல் நிறுவனம் 1931-இல் தொடங்கியது. இரண்டுக்கும் தனித்தனி நுழைவுத் தேர்வு, நிறுவி எழுத வேண்டிய கேள்விகள், ஜாமைவிடக் கடினம். புள்ளியியல் நிறுவனத்தில் படிப்புக் கட்டணம் கிடையாது, மாத உதவித்தொகையும் உண்டு. கணக்குப் போடாமல் ஒரு நாளும் தூக்கம் வராது என்கிற ரகத்தில் ஒரு பிள்ளை இருந்தால், தயங்காமல் எழுதச் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

தொலைநிலை பற்றிச் சுருக்கமாக. இக்னோவிலும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் வாங்கும் பட்டம் யு.ஜி.சி. அங்கீகாரத்தோடு இருந்தால் செல்லும். ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கு ஏற்றது. இருபத்தொரு வயதில், படிக்க இரண்டு ஆண்டு கையில் இருக்கும்போது, முதுகலைக் கணிதத்தைத் தனியாக உட்கார்ந்து படிப்பது மிகக் கடினம்.

பணம்

ஐஐடியிலும் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் எம்.எஸ்சி.க்குப் படிப்புக் கட்டணத்தைவிட விடுதியும் மெஸ்ஸும்தான் பெரும்பாலும் கூடுதலாகும். அதைக் கேட்டதும் பின்வாங்கும் பெற்றோரிடம் நான் ஒன்றைச் சொல்வேன். ஐஐடி, என்.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் தமிழ்நாட்டு பி.சி., எம்.பி.சி., சீர்மரபினர் மாணவர்களுக்கு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால், மாநில அரசே ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கல்வி உதவித்தொகை தருகிறது. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை அங்கேயும் உண்டு. ஜாம் விண்ணப்பத்திலும் பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கும் பாதிக் கட்டணம்தான்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். அரசு கல்லூரிக் கலந்தாய்வு முடிந்து சேர்ந்தும் விடுவீர்கள். அதற்குப் பிறகு ஐஐடியின் பிந்தைய சுற்றிலோ மத்தியப் பல்கலைக்கழகத்தின் மிச்ச இடங்களிலோ அழைப்பு வரும். டி.சி.யும் மதிப்பெண் பட்டியலும் கல்லூரியில் மாட்டிக்கொண்டதே என்று பிள்ளைகள் அந்த இடத்தை விட்டுவிடுகிறார்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யு.ஜி.சி. விதி. சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கேளுங்கள். டி.சி.க்கு ஒரு கடிதம் எழுதி முதல்வரிடம் நேரில் கொடுங்கள், அப்பாவையோ அம்மாவையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து போனில் ஒன்றும் மின்னஞ்சலில் ஒன்றுமாக வைத்திருங்கள். அழைப்பு வந்தால் பணம் கட்ட இரண்டு மூன்று நாள்தான் தருவார்கள், அது பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மாலையில்தான் வருகிறது.